தொடையெலும்பு

தொடையெலும்பு என்பது இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே, தொடையில் அமைந்துள்ள ஒரே எலும்பு ஆகும். முதிர்ந்த மனிதரின் 206 எலும்புகளுள் மிக நீளமானதும் மிக வலிமையானதும் இதுவே. இதன் நீளம் ஒருவரது உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். இதனால், எலும்புகள் மட்டுமே கிடைத்த நிலையிலும் தொடையெலும்பை அளந்து இறந்தவரின் உயரத்தைக் கணிக்க முடிகிறது.

அமைப்பு

தொடையெலும்பு மேல்முனை, தண்டு, கீழ்முனை என மூன்று பகுதிகளைக் கொண்டது.

மேல்முனை: இதில் தலை, கழுத்து, பெரிய புடைப்பு, சிறிய புடைப்பு ஆகியன உள்ளன. குருத்தெலும்பால் மூடப்பட்ட பந்து வடிவத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணக் குழியில் பொருந்தி இடுப்பு மூட்டை உருவாக்குகிறது. கழுத்து, தண்டுடன் ஏறத்தாழ 125 பாகைக் கோணத்தில் அமைந்துள்ளது. இச்சாய்வு தண்டை இடுப்பிலிருந்து விலக்கி வைப்பதால் கால் தடையின்றி அசைகிறது. பெரிய புடைப்பில் இணைந்துள்ள பிட்டத் தசைகள், ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு சரியாமல் காக்கின்றன.

தண்டு: முன்புறமாகச் சற்றே வளைந்த உருளை வடிவமுடையது. இதன் பின்புறம் நெடுக உள்ள கரடுமுரடான மேட்டில் தொடைத் தசைகள் பல இணைந்துள்ளன.

கீழ்முனை: இதிலுள்ள இரு குமிழ்கள் கணைக்கால் உள்ளெலும்புடனும் முழங்காற்சில்லுடனும் சேர்ந்து முழங்கால் மூட்டை உருவாக்குகின்றன.

உள்ளமைப்பு

தண்டின் சுவர் தடித்த, அடர்த்தியான எலும்பாலானது. அதன் நடுவே உள்ள குழாயில், முதிர்ந்தவர்களில், மஞ்சள் எலும்பு மச்சை நிறைந்திருக்கும். இரு முனைகளின் உட்பகுதி பஞ்சு போன்ற நுண்சட்டங்களால் ஆனது.

இச்சட்டங்கள் ஒழுங்கின்றி அமைந்தவை அல்ல. சூரிச் நகர உடற்கூற்றியல் அறிஞர் ஹெர்மன் வான் மேயர் காட்டிய மேல்முனை வெட்டுமுகத்தைக் கண்ட பொறியியலாளர் கார்ல் குல்மான், சட்டங்களின் போக்கு பாரந்தூக்கியில் தகைவு பரவும் கோடுகளை ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். மேயர் இதனை 1867இல் வெளியிட்டார். சுமைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்னும் கருத்தை ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் நூலாக வெளியிட்டார்.

வளர்ச்சி

எலும்பு வாழும் இழையம் ஆகும். ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரிக்க, மற்றொரு வகை புதிய எலும்பைக் கட்டுகின்றன. தொடையெலும்பு இரு முனைகளிலும் உள்ள வளர்ச்சித் தட்டுகளில் நீள்கிறது. கீழ்முனைத் தட்டே கூடுதலாகப் பங்களிக்கிறது. பதின்ம வயதின் இறுதியளவில் இத்தட்டுகள் எலும்பாகி மூடிக்கொள்வதால் வளர்ச்சி நிற்கிறது. பிறந்த குழந்தையின் தொடையெலும்புத் தண்டு முழங்காலின் மீது நேராக நிற்கும். குழந்தை நடக்கத் தொடங்கிய பின்னரே அது உட்புறமாகச் சாய்கிறது.

முறிவு

தண்டு முறிவதற்குப் பெரும் விசை தேவை. எனவே இது பெரும்பாலும் சாலை விபத்துகளிலும் உயரத்திலிருந்து விழுவதாலும் ஏற்படுகிறது. வெளிக்காயம் இல்லாதபோதும் தொடைக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் கசியக்கூடும். இம்முறிவுக்கு எலும்புக் குழாயினுள் உலோகத் தண்டு செலுத்தும் முறையை ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்டு குன்ட்ஷர் 1939இல் கையாண்டார்.

கழுத்து முறிவு இதற்கு மாறானது. எலும்புப்புரை உள்ள முதியவர்களில், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களில், நின்ற நிலையிலிருந்து விழுவதே இதற்குப் போதுமானது. முறிந்த கால் பொதுவாகக் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருக்கும். முறிந்த பகுதிகள் ஒன்றில் ஒன்று செருகிக்கொண்டால் இவ்வடையாளம் தோன்றாது; சிலர் நடக்கவும் கூடும். ஆகவே, விழுந்த முதியவருக்கு இடுப்பு மடிப்பில் வலி நீடித்தால் ஊடுகதிர்ப்படம் எடுப்பது அவசியம்.

தலைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்களுள் பெரும்பாலானவை கழுத்தை ஒட்டியே செல்கின்றன. முறிவில் அவை அறுபட்டால் தலைப்பகுதி இறந்துவிடலாம். எனவே முறிவின் தன்மைக்கேற்பத் திருகாணிகளால் பொருத்துவதோ செயற்கை மூட்டு வைப்பதோ வழக்கம். படுக்கையிலேயே கிடப்பது நுரையீரல் அழற்சி, படுக்கைப் புண், இரத்தக் கட்டு ஆகியவற்றுக்கு வழிவகுப்பதால், அறுவை மருத்துவமும் அதன் பின் எழுந்து நடத்தலும் தாமதமின்றி மேற்கொள்ளப்படுகின்றன.

தடுப்பு

நடைப்பயிற்சி போன்ற உடல் எடையைத் தாங்கும் பயிற்சிகளும், போதிய கால்சியமும் உயிர்ச்சத்து டியும் எலும்பின் வலிமையைப் பேண உதவுகின்றன. வழுக்காத குளியலறைத் தரை, கைப்பிடி, இரவில் போதிய வெளிச்சம் ஆகியவை முதியவர்கள் விழும் வாய்ப்பைக் குறைக்கின்றன.