கொலாஜன் ஐதராக்சிலேற்றம்

கொலாஜன் ஐதராக்சிலேற்றம் என்பது, உயிரணுவினுள் கொலாஜன் புரதம் தொகுக்கப்படும்போது அதன் புரோலின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களில் ஐதராக்சில் தொகுதி சேர்க்கப்படும் வேதிமாற்றம் ஆகும். மரபணு புரோலினை மட்டுமே குறிக்கிறது. ஐதராக்சிபுரோலினுக்கு மரபுக்குறியீட்டில் இடமில்லை. ஆகவே கொலாஜனின் மரபணுக்கள் பழுதற்றிருந்தாலும், இம்மாற்றம் தவறினால் நோய் தோன்றும். ஸ்கர்வி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

செயல்முறை

கொலாஜன், மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு போன்றது. இவ்வமைப்பை 1954-55 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்மொழிந்தனர். ஐதராக்சிலேற்றம் பெறாத கொலாஜனின் முறுக்கு ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே அவிழ்ந்துவிடும். ஐதராக்சிலேற்றம் பெற்றது ஏறத்தாழ 40 பாகை வரை தாங்கும். மனித உடல் வெப்பநிலை 37 பாகை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

இம்மாற்றத்தை நிகழ்த்தும் புரோலைல் ஐதராக்சிலேசு நொதியின் மையத்தில் இரும்பு அயனி உள்ளது. அது இடையிடையே ஆக்சிசனேற்றம் அடைவதால் நொதி முடங்குகிறது. உயிர்ச்சத்து சி அவ்விரும்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது.

ஸ்கர்வி

உயிர்ச்சத்து சி நீண்டநாள் கிடைக்காதபோது, புதிதாக உருவாகும் கொலாஜன் உறுதியற்றதாகிறது. ஈறுகளில் குருதி கசியும், பற்கள் ஆடும். என்றோ ஆறிய காயங்களும் மீண்டும் பிரியும். தழும்பில் உள்ள கொலாஜனும் ஓயாது சிதைந்து புதுப்பிக்கப்படுவதே இதன் காரணம். பெரும்பாலான பாலூட்டிகள் இவ்வுயிர்ச்சத்தைத் தாமே உருவாக்குகின்றன. மனிதர் உணவிலிருந்தே பெறவேண்டும்.

1747 இல் சாலிசுபரி என்னும் கப்பலில் சேம்சு லிண்ட், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகள் அளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைவில் தேறினர். எனினும் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஏற்க 1795 வரை ஆனது.

மரபுவழி நோய்கள்

லைசினை மாற்றும் நொதியின் மரபணு பழுதடைந்தால், ஏலர்சு-டான்லோசு நோய்த்தொகுப்பின் ஒரு வகை உண்டாகிறது. பிறப்பிலேயே தசைத் தளர்ச்சியும், வளரவளர முதுகெலும்பு வளைவும் இதன் அடையாளங்கள்.

மாற்றம் மிகுதியாவதும் உண்டு. எலும்புகள் எளிதில் முறியும் ஆசுட்டியோசெனெசிசு இம்பெர்ஃபெக்டா நோயில், பெரும்பாலும் கொலாஜனின் மரபணுவே பழுதாகியிருக்கும். சங்கிலியில் மூன்றுக்கு ஒன்றாக வரும் கிளைசினின் இடத்தில் பெரிய அமினோ அமிலம் ஒன்று அமர்ந்தால், முறுக்கு மெதுவாகவே ஏறும். முறுக்கேறாத சங்கிலியில் மட்டுமே நொதிகள் செயற்படும் என்பதால், அவற்றுக்குக் கூடுதல் நேரம் கிடைத்து அளவுக்கு மீறிய மாற்றம் நிகழ்கிறது.