சுஜாதாவின் அறிவியற் புனைகதையும் வாசகர் வினாவும்

தமிழில் அறிவியற் புனைகதையின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் நூல்களை மட்டுமே நோக்குகின்றனர். ஆசிரியர்க்கும் படிப்போர்க்கும் இடையே நிகழ்ந்த வினா விடைகளை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. சுஜாதாவைப் பொறுத்தவரை இது பெருங்குறை என்பது எம் கருத்து.

எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய சுஜாதா (1935–2008) பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக விளங்கியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முதன்மையான பங்கு கொண்டவர். குமுதம் இதழில் ரா. கி. ரங்கராஜன் முன்னரே எழுதிவந்தமையால், மனைவியின் பெயரைத் தம் புனைபெயராக ஏற்றார். இவை பலரும் அறிந்தனவாதலின் ஈண்டு விரித்தல் வேண்டா.

விரித்துரைக்கத் தக்கது, ஜூனியர் விகடனில் அவர் எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் வினா விடைப் பகுதியே. அறிவியலை முறையாகக் கல்லாதவரும் அதிற் கேள்வி கேட்கலாம். விடையோ சில வரிகளுக்குள் அடங்க வேண்டும். கேட்டவர்க்கு முன்னறிவு உண்டு என்று கொள்ளவும் இயலாது. இத்தகைய விடைகளுக்குத் தமிழில் முன்மாதிரிகள் மிகுதியாக இல்லை. கலைச்சொல் உள்ள இடத்து அதனை ஆண்டார். இல்லாத இடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் தயங்காது எழுதினார். தனித்தமிழ் அன்பர்க்கு இஃது உவப்பாகாது. ஆயினும், சொல்லுக்காகப் பொருளைக் காக்க வைத்தல் கேள்வி கேட்டவர்க்கு நீதி ஆகுமோ?

இவ்வினா விடைப் பாங்கையே அவர்தம் கதைகளிலும் காண்கிறோம். 'கொலையுதிர் காலம்' என்னும் புதினத்தில் நிகழ்வது ஆவியின் செயலா, ஹோலோகிராம் என்னும் ஒளிப்படிமத்தின் சூழ்ச்சியா என்று வழக்கறிஞர் கணேசும் வசந்தும் வாதிடுகின்றனர். படிப்பவர் உள்ளத்தெழும் ஐயத்தை இவ்விருவருமே பங்கிட்டுக் கொள்கின்றனர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'விலோ இப்பாங்கு மேலும் நுட்பமாகிறது. அதில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். அது நூல்களைப் படிக்கிறது, படித்ததனால் ஐயுறுகிறது, நிலா என்னும் தலைவியுடன் உரையாடி மெல்ல மெல்லத் தனக்கென ஓர் அறிவு பெறுகிறது. விடை கூறும் பொறியே வினவத் தொடங்குவதைக் காண்கிறோம். வாரந்தோறும் வாசகர் கேள்விகளோடு வாழ்ந்த ஒருவர்க்கு இக்கற்பனை தோன்றியது வியப்பன்று. 'மீண்டும் ஜீனோ' எனத் தொடர்ச்சியும் எழுந்தது.

வார இதழ்க்கென எழுதப்பட்டவை ஆழமில்லாதன என்பார் உளர். தொடர்கதையின் அவசரம் அவர் எழுத்தில் ஆங்காங்கே தென்படுவதை யாமும் மறுக்கவில்லை. சில முடிவுகள் விரைந்து முடிக்கப்பட்டனவே. எனினும் ஜீனோவை அந்த அவசரம் கெடுக்கவில்லை.

வாசகர் நெருக்கம் எக்காலத்தும் நலமே பயந்தது என்று கொள்ளுதலும் பொருந்தாது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்புலமாகக் கொண்டு குமுதத்தில் அவர் தொடங்கிய 'கருப்பு சிவப்பு வெளுப்பு' என்னும் தொடர், ஒரு சாராரின் கடும் எதிர்ப்பால் இடையில் நின்றது. பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' எனப் பெயர் மாறி மீண்டும் எழுதப்பட்டது. வாசகர்க்குக் கதவைத் திறந்து வைத்தவர்க்கு, அக்கதவு வழியே சினமும் வந்தது.

பிற்காலத்தில் அவர் 'அம்பலம்' என்னும் இணைய இதழின் ஆசிரியராகி, வாசகரோடு நேரடியாக உரையாடினார். வாரக்கணக்கிற் காத்திருந்த விடை நொடிகளில் வரலாயிற்று. ஆராய்ச்சியாளர்க்கு ஈண்டு ஓர் இடர் உண்டு. அவர் விடைகள் நூல்களாகியுள்ளன; அவற்றுள் கேள்விகள் ஓரிரு வரிகளாகச் சுருங்கி நிற்கின்றன. முழுக் கடிதங்கள் இன்றி ஜீனோவின் பிறப்பை முற்றும் ஆராய்தல் அரிது. அவற்றை எழுதியோருள் அன்று பள்ளி மாணவராயிருந்தவர்க்கு இன்று ஐம்பது அகவையே ஆகும். அவர்களைத் தேடி, எழுதியது யாது, விடை பெற்றபின் படித்தது யாது என்று கேட்டுப் பதிவு செய்யும் பணியைத் தமிழ்த்துறைகள் இப்போதே மேற்கொள்ளுதல் வேண்டும்.