சிறைவாசலில் அறுபடும் மருந்து: மும்பையில் அபின்வகைப் போதைச் சிகிச்சையின் வரலாறு

முன்னுரை

சிறைக்குள் சில மாதங்கள் ஹெராயின் இல்லாமல் இருந்தவர் திருந்திவிட்டார் என்று வீட்டார் நம்புகிறார்கள். உடலின் கணக்கு வேறு. போதையைத் தாங்கும் சக்தி அந்த மாதங்களில் குறைந்துவிடுகிறது. ஏக்கம் அதே அளவில் குறைவதில்லை. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் இரண்டு வாரங்களில் அளவு மிஞ்சிய போதையால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு அம்மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு என்று காட்டியது. மும்பையில் போதைச் சிகிச்சை தொண்டு, சட்டம், எய்ட்ஸ் தடுப்பு ஆகிய மூன்று வழிகளில் வந்தது. இந்த ஆபத்தோடு சிறையிலிருந்து வெளியேறுபவரை மையமாகக் கொண்டு எந்த வழியும் அமையவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அபினிலிருந்து கர்த் வரை

மும்பைக்கு அபின் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் மால்வா அபின் இந்தத் துறைமுகம் வழியாகவே சீனாவுக்குக் கப்பலேறியது. ஜம்செட்ஜி ஜீஜீபாய் போன்ற வணிகர்களின் செல்வத்தில் அதற்கும் பங்குண்டு. 1980களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கமிருந்து வந்த பழுப்பு ஹெராயின் நகரில் பரவியது. தெருவில் அதன் பெயர் ‘கர்த்’. வெள்ளித்தாளில் சூடாக்கி அதன் புகையை இழுப்பவர் ‘கர்துல்லா’. அந்தப் பெயரில் நோயாளி மறைந்து இழிவு மட்டுமே மிஞ்சியது. முதலில் கைகொடுத்தது தொண்டுதான்: பாதிரியார் ஜோ பெரேரா 1981இல் கிருபா அறக்கட்டளையைத் தொடங்கினார்.

சட்டத்தின் இரு முகங்கள்

1985இன் போதைப்பொருள் சட்டம் விற்பவரைப் போலவே பயன்படுத்துபவரையும் குற்றவாளியாக்கியது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு முகமும் உண்டு. பயன்படுத்திய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவரைச் சிகிச்சைக்காக விடுவிக்கப் பிரிவு 39 நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்குப் பிரிவு 64ஏ வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். விட்டு விட்டுத் திரும்பி வரும் நோய்க்கு இது கடினமான நிபந்தனை.

ஊசியும் மாத்திரையும்

1980களின் இறுதியில் மணிப்பூரில் ஊசி வழியே எச்ஐவி பரவியது தெரியவந்ததும் அணுகுமுறை மாறியது. மும்பையில் 1995இல் தொடங்கிய சங்கல்ப் அறக்கட்டளை தெருவோரத்தில் போதை பயன்படுத்துவோரிடம் சென்றது. ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும், நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை 2007க்குப் பின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்தது. 2012இல் இன்னொரு மாற்று மருந்தான மெத்தடோனின் சோதனை முயற்சிக்குத் தேர்வான மையங்களில் பரேலின் கேஇஎம் மருத்துவமனையும் ஒன்று. மும்பையின் ஆர்தர் ரோடு சிறை அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. கிருமியைத் தடுப்பதே நோக்கமாக இருந்ததால், ஊசி போடுபவருக்கே மாத்திரை முதலில் கிடைத்தது. புகைப்பவர் பின்வரிசையில் நின்றார்.

சிறைக்குள் புப்ரினார்பினைத் தெற்காசியாவில் முதன்முதலாகத் தந்தது மும்பை அல்ல. 2008இல் டெல்லியின் திகார் சிறைதான்.

பெயில் நாள்

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைவாசிகளில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். தண்டனைக் கைதியின் விடுதலை நாளை முன்கூட்டியே கணக்கிடலாம். பெயில் எப்போது கிடைக்கும் என்பது சிறை மருத்துவருக்கும் தெரியாது. தாராவிக்கோ செம்பூருக்கோ திரும்புபவர் கையில் மருத்துவக் குறிப்பு எதுவும் இல்லாமல் போகலாம். மாத்திரையை மையத்துக்கு நேரில் போய் நாள்தோறும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் தினக்கூலிக்காரருக்கு அது அரைநாள் கூலி இழப்பு.

நிர்வாகமும் சிதறிக் கிடக்கிறது. சிறை மாநில உள்துறையிடம். மறுவாழ்வு இல்லங்கள் சமூகநீதி அமைச்சகத்திடம். மாற்று மருந்து சுகாதாரத் துறையிடம். விடுதலையானவருக்குத் துணைநிற்பது டாட்டா சமூக அறிவியல் கழகம் 1990இல் தொடங்கிய ‘பிரயாஸ்’ போன்ற சமூகப்பணி முயற்சிகளே.

முடிவுரை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் தன் சிறைகளில் இம்மருந்துகளைத் தந்து, வெளியிலும் தொடர வழிசெய்தது. அண்மையில் விடுதலையானவர்களில் அளவு மிஞ்சிய போதையால் இறந்தோர், ஓராண்டுக்குள் அரையாண்டுக்கு 26 என்பதிலிருந்து 9ஆகக் குறைந்தனர். இந்தியாவிலோ, போதை நோயை மனநோய் வரையறைக்குள் கொண்டுவந்த 2017இன் மனநலச் சட்டம், மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல மருத்துவப் பிரிவு வேண்டும் என்கிறது. சட்டத்துக்கும் மருந்துக்கும் குறைவில்லை. பெயில் நாள் தெரியாததால், சிகிச்சைச் சீட்டைச் சிறைக்குள் நுழையும் நாளிலேயே எழுதத் தொடங்க வேண்டும்.