ஹேக்கின்டாஷ்: பழைய பெட்டிக்குள் ஆப்பிள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவு, நிலை, பர்மாத் தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு என்று ஒரு வீட்டின் உறுப்புகள் எல்லாம் அங்கே தனித்தனியாக விலைக்குக் கிடக்கும். கானாடுகாத்தானில் நின்ற தூணை வாங்கிக் கொண்டுபோய் ஒருவர் கொடைக்கானலில் ஓட்டல் கட்டலாம். "இதை எங்கள் வீட்டில் மட்டும்தான் நிறுத்த வேண்டும்" என்று யாரும் வந்து கேட்க முடியாது. காசு கொடுத்தாயிற்று, பொருள் கைமாறிவிட்டது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் இந்த நியாயம் பாதிதான் செல்லும். பழைய மதர்போர்டு, பழைய ராம், பழைய ஹார்ட் டிஸ்க் எதையும் வாங்கி எந்த கேபினெட்டிலும் மாட்டலாம். ஆனால் அதில் ஓடும் மென்பொருளுக்கு உரிமம் என்று ஒன்று இருக்கிறது. ஆப்பிளின் மேக் ஓஎஸ் உரிமத்தில் உள்ள நிபந்தனை இதுதான்: ஆப்பிள் முத்திரை போட்ட கம்ப்யூட்டரில் மட்டுமே இதை நிறுவலாம். அந்த நிபந்தனையைத் தாண்டி, சாதாரண அசெம்பிள்ட் பெட்டியில் மேக் ஓஎஸ் ஓட்டுவதற்குத்தான் ஹேக்கின்டாஷ் என்று பெயர். ஹேக், மெக்கின்டாஷ் இரண்டையும் ஒட்டவைத்த சொல். இதன் ஆயுள் சுமார் இருபது வருடம். அந்த இருபது வருடக் கதைதான் இது.

முதலில் ஆப்பிளுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று பார்க்க வேண்டும். 1982இல் ஃப்ராங்க்ளின் என்ற அமெரிக்கக் கம்பெனி ஆப்பிள் 2 கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்து விற்றது. உள்ளே இருந்த மென்பொருளையும் நகலெடுத்ததை அது மறைக்கவே இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்பது அதன் வாதம். 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆப்பிள் பிழைத்தது.

ஐபிஎம்முக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் பாகங்கள்தான். ஐபிஎம்முக்கே சொந்தமாக இருந்த முக்கியமான சரக்கு, பயாஸ் என்ற சிறு நிரல். காம்பேக் கம்பெனி அந்த நிரலைப் பார்க்காத ஆட்களை உட்காரவைத்து, அதே வேலையைச் செய்யும் வேறொரு பயாஸை எழுதச் சொன்னது. நகலெடுத்தால்தானே குற்றம்! அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பிசி செய்யலாம் என்று ஆயிற்று. ஐபிஎம்முக்கு நஷ்டம், நமக்கு லாபம். 1984இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கைக்குப் பிறகு இந்தியாவில் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்பது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ரேடியோ பாகங்கள் விற்ற கடைகளுக்குப் பக்கத்தில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் வந்து உட்கார்ந்தன. 1997இல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்து, 2005க்குள் கம்ப்யூட்டர் சாமான்களின் சுங்க வரியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தது. 'பிராண்டட்' வாங்க முடியாதவனுக்கு 'அசெம்பிள்ட்' என்பது தமிழ்நாட்டில் அப்படிப் பழகிப்போன வார்த்தை. காரைக்குடியில் காலை பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மதியம் எழும்பூர், அங்கிருந்து ரிச்சி தெரு கூப்பிடு தூரம்தான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் மேக் மட்டும் வரவே முடியாது. காரணம் சட்டம் மட்டுமல்ல. மேக்கின் பிராசசரே வேறு ஜாதி. முதலில் மோட்டரோலா, 1994 முதல் பவர்பிசி. ரிச்சி தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத சிப். இடையில் 1995 முதல் ஆப்பிளே பவர் கம்ப்யூட்டிங், யூமேக்ஸ் போன்ற கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து நகல் மேக் செய்ய அனுமதித்தது. சந்தை பெருகும் என்று நினைத்தார்கள். நகல்காரர்களோ ஆப்பிளின் சொந்த வாடிக்கையாளர்களையே குறைந்த விலையில் இழுத்துக்கொண்டார்கள். 1997இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று இந்தக் கடையை மூடியது. பவர் கம்ப்யூட்டிங்கின் உரிமத்தைத் திரும்ப வாங்க மட்டும் 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தார்.

கதை திரும்புவது 2005 ஜூன் 6 அன்று. இனி மேக்குகள் இன்டெல் பிராசசரில் வரும் என்று ஜாப்ஸ் மேடையில் அறிவித்தார். ஐந்து வருடமாக ஒவ்வொரு மேக் ஓஎஸ் பதிப்பையும் ரகசியமாக இன்டெல்லுக்கும் சேர்த்தே தயாரித்து வந்திருக்கிறோம் என்றும் சொன்னார். கூட்டம் வாயைப் பிளந்தது. ஆப்பிளின் ஃபில் ஷில்லர் அன்றே ஒரு கோடு கிழித்தார்: மேக்கில் யாராவது விண்டோஸ் ஓட்டினால் தடுக்க மாட்டோம், ஆனால் மற்றவர் பெட்டியில் மேக் ஓஎஸ் ஓட விடமாட்டோம். (தமிழர்களுக்கு அந்த வருடம் இன்னொரு விசேஷம். ஏப்ரலில் வந்த டைகர் பதிப்பில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு கூடவே வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் இ-கலப்பை இறக்கிக்கொண்டிருந்த காலம் அது.)

மென்பொருள் எழுதுபவர்கள் பழகிப் பார்க்க ஆப்பிள் ஒரு மாதிரிப் பெட்டியை 999 டாலருக்கு வாடகை போலக் கொடுத்தது. வெளியே பவர் மேக் கூடு, உள்ளே சாதாரண பென்டியம் 4. அதோடு வந்த மேக் ஓஎஸ் சில வாரங்களிலேயே இணையத்தில் கசிந்துவிட்டது. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் கடைக்கு வந்தது, பிப்ரவரியிலேயே அதன் பூட்டும் உடைந்துவிட்டது.

பூட்டு என்றால் என்ன? பெரிய இரும்புப் பூட்டு ஒன்றும் இல்லை. மேக்கில் எஸ்எம்சி என்று ஒரு சின்ன சிப். ஃபேன் வேகம், வெப்பம் இவற்றைப் பார்த்துக்கொள்வது அதன் தொழில். அதிலேயே ஒரு சாவிச் சொல்லையும் ஆப்பிள் ஒளித்துவைத்தது. மேக் ஓஎஸ்ஸின் ஃபைண்டர், டாக் போன்ற சில நிரல்கள் மறையாக்கப்பட்டே வரும், அந்தச் சாவி இருந்தால்தான் திறக்கும். 'அந்தச் சிப் இங்கே இருக்கிறது' என்று பொய் சொல்லும் ஒரு குட்டி நிரல் போதும், எல்லாம் திறந்துகொள்ளும். இதற்குப் பெயரே ஃபேக்எஸ்எம்சி! இரண்டாவது சிக்கல், மேக் ஈஎஃப்ஐ என்ற புது முறையில் பூட் ஆகும், நம் ஊர்ப் பெட்டிகளில் அப்போது பழைய பயாஸ்தான். அதற்கும் ஈஎஃப்ஐ போல நடிக்கும் பூட்லோடர்கள் வந்தன. கமீலியன், பிறகு க்ளோவர், 2019 முதல் ஓப்பன்கோர். ஆக மொத்தம், ஹேக்கின்டாஷ் என்பது மேக் ஓஎஸ்ஸை மாற்றுவது என்பதைவிட, பெட்டியை மேக் வேஷம் போடவைப்பது என்று சொல்வதே பொருத்தம்.

வேஷம் கட்டுவது சுலபமாக இருக்கவில்லை. படம் வந்தால் சவுண்ட் வராது, சவுண்ட் வந்தால் ஸ்லீப் வேலை செய்யாது. ஒரு அப்டேட் போட்டால் மறுநாள் பெட்டி எழுந்திருக்காது. 2008இல் வந்த டெல் மினி 9 என்ற குட்டி லேப்டாப்பில் மேக் ஓஎஸ் அருமையாக ஓடுகிறது என்று உலகமே வாங்கி ஓட்டியது. 2009 நவம்பரில் ஆப்பிள் 10.6.2 அப்டேட்டில் ஆட்டம் பிராசசருக்கான ஆதரவை எடுத்துவிட்டது.

பொழுதுபோக்காக இருந்த இதை வியாபாரமாக்க ஒருவர் துணிந்தார்கள் என்றால் அது ஃப்ளோரிடாவின் சைஸ்டார் கம்பெனி. 2008 ஏப்ரலில், 399 டாலருக்கு ஓப்பன் கம்ப்யூட்டர் என்று ஒரு பெட்டியை விற்க ஆரம்பித்தது. மேக் ஓஎஸ் வேண்டுமென்றால் கூடுதல் காசு, கடையில் வாங்கிய அசல் டிவிடியும் பெட்டியோடு வரும். ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. வணிகவியல் படிப்பவர்கள் படிக்க வேண்டிய வழக்கு இது. சைஸ்டாரின் ஒரு வாதம், நம் பாடப்புத்தகத்தில் 'டை-இன்' என்று வருமே, அதுதான்: மென்பொருள் வேண்டுமானால் பெட்டியையும் என்னிடமே வாங்கு என்று கட்டாயப்படுத்துவது போட்டிக்கு விரோதம். நீதிபதி வில்லியம் ஆல்சப் இதை 2008லேயே தள்ளிவிட்டார். மேக் ஓஎஸ் மட்டும் தனிச் சந்தை ஆகாது, விண்டோஸ் முதலியவற்றோடு போட்டியிடும் பல சரக்குகளில் அது ஒன்று, எனவே ஏகபோகம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது சாரம். 2009 நவம்பரில் காப்புரிமை விஷயத்திலும் ஆப்பிள் பக்கமே தீர்ப்பு. அசல் டிவிடி வாங்கியது உண்மைதான், ஆனால் பெட்டிகளில் ஏற்றியது மாற்றியமைத்த ஒரு மூலப் பிரதியின் நகல்களை. டிசம்பரில் நிரந்தரத் தடை வந்தது. 2011இல் மேல்முறையீட்டிலும் சைஸ்டார் தோற்றது.

தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் தேக்குத் தூண் நியாயத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். காசு கொடுத்து வாங்கிய வட்டு, காசு கொடுத்து வாங்கிய பெட்டி, இரண்டும் சேரக் கூடாது! அதே சமயம் ஆப்பிள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. மேக் ஓஎஸ் டிவிடியின் விலை, ஏற்கனவே மேக் வாங்கியவருக்கான மேம்பாட்டு விலை. உருவாக்கிய செலவு முழுவதும் பெட்டியின் விலையில்தான் ஒளிந்திருந்தது. 2013இல் மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து மேக் ஓஎஸ் இலவசமாகவே ஆனபோது இது வெளிச்சமாயிற்று. விற்பனைக்குக் கிளம்பிய சைஸ்டார் அழிந்தது, வீட்டில் தனக்காகப் பூட்டிக்கொண்டவர்களை ஆப்பிள் பெரிதாகத் துரத்தவில்லை.

பழைய பாகங்களின் பொற்காலம் 2010களில்தான். ஐடி கம்பெனிகளும் வங்கிகளும் சில வருடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களை மொத்தமாக மாற்றும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, 9020, எச்பி எலைட் 8300 போன்ற பெட்டிகள் அப்படித்தான் செகண்ட் ஹேண்ட் கடைகளில் அடுக்கடுக்காக வந்து விழுந்தன. இவற்றின் மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர்கள் அதே காலத்து ஐமேக்கில் இருந்தவற்றுக்கு நெருங்கிய சொந்தம். ஒரு எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம் சேர்த்தாலும் மொத்தச் செலவு புது மேக் மினியின் விலையில் சிறு பங்குதான்.

ஆனால் பாகம் பொறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். பென்டியம், செலரான் சிப்புகளின் கிராபிக்ஸை மேக் ஓஎஸ் ஏற்காது. கிராபிக்ஸ் கார்டில் இன்னும் மோசம். ஜிடி 730 என்று ஒரே பெயரில் என்விடியா இரண்டு வெவ்வேறு சிப் போட்ட கார்டுகளை விற்றது. கெப்ளர் சிப் வந்தால் பிழைத்தோம், பழைய ஃபெர்மி வந்தால் ஹை சியராவோடு கதை முடிந்தது. அதையும்விடப் புதிய ஜிடிஎக்ஸ் 1050, 1060 கார்டுகளுக்கோ ஹை சியராவுக்குப் பிறகு டிரைவரே வரவில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 மாட்டினால் அப்படியே ஏற்கும், ஏனென்றால் ஆப்பிளே அந்தக் குடும்பத்துச் சிப்பைப் பயன்படுத்தியது. கிரிப்டோ நாணயம் 2018இல் சரிந்தபோதும், 2022 செப்டம்பரில் எதேரியம் முறை மாறியபோதும், இரவு பகலாக மைனிங் செய்து களைத்த இந்தக் கார்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அலுவலகப் பெட்டியின் சின்ன கேபினெட்டில் அவை நுழையாது, எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்காது என்பது வேறு விஷயம்.

இவ்வளவு பாடு எதற்கு? நமக்குத் தேவையான டாலியோ விண்டோஸில்தான் ஓடும். அழகுக்காக ஓட்டியவர்கள் உண்டு, வீடியோ எடிட்டிங்குக்காக ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் முக்கியமான காரணம் ஐபோன். 2008இல் ஆப் ஸ்டோர் திறந்தது. ஐபோனுக்கு ஆப் எழுத எக்ஸ்கோட் வேண்டும், எக்ஸ்கோட் மேக்கில் மட்டுமே ஓடும், ஸ்டோரில் ஏற்ற வருடத்துக்கு 99 டாலர் தனி. மேக் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தொழிலின் வாசற்படியே எட்டாது. ஹேக்கின்டாஷ் அந்த வாசலில் போட்ட ஒரு பலகை. 2019 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்கள் தயாராகின்றன. போனைப் பூட்டுபவர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், அதற்கு நிரல் எழுதிப் பழக மட்டும் வேறொரு பெட்டி வேண்டும்.

இந்தப் பலகையை எடுத்தது நீதிமன்றம் அல்ல. 2020 ஜூனில் ஆப்பிள் சொந்த சிப்புக்கு மாறுவதாக அறிவித்தது. நவம்பரில் எம்1 வந்தது. பிராசசரும் கிராபிக்ஸும் ராமும் பாதுகாப்புச் சிப்பும் ஒரே பொட்டலம். ரிச்சி தெருவில் அதைத் தனியாக வாங்க முடியாது. மறுபடியும் பவர்பிசி காலம்தான். அதன்பின் ஒவ்வொரு பதிப்பும் ஒரு படி உதிர்த்தது. 2021இல் மாண்டரே மூன்றாம் தலைமுறை கிராபிக்ஸையும் கெப்ளரையும் விட்டது, 2022இல் வென்சுரா நான்காம் தலைமுறையை விட்டது, 2023இல் சொனோமா பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளை விட்டது. 2025 ஜூனில், இன்டெல்லுக்கு டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

விந்தை என்னவென்றால் ஹேக்கின்டாஷ் ஒழிந்த அதே சமயத்தில் மேக் மலிவானது. எம்1 மேக் மினி 2020இல் 64,900 ரூபாய்க்கு வந்தது. 2024இல் 16 ஜிபி ராமோடு வந்த எம்4 மினி 59,900, மாணவர்களுக்கு 49,900. மானிட்டர், கீபோர்டு தனி. குறைந்ததுதான், ஆனாலும் ஒரு ஆப்டிபிளெக்ஸ் பெட்டியின் விலை அல்ல.

2025 ஏப்ரல் முதல் ஆப் ஸ்டோருக்குப் போகும் ஆப்கள் எக்ஸ்கோட் 16இல் தயாராகியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதற்குச் சொனோமா வேண்டும். மாண்டரேயோடு நின்றுவிட்ட நான்காம் தலைமுறைப் பெட்டியில் எழுதிப் பழகலாம், ஸ்டோருக்கு அனுப்ப முடியாது. அதே பெட்டியை விண்டோஸ் 11ம் ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் நின்றுவிட்டது. இப்போது அவற்றில் பல லினக்ஸ் போட்டு ஓடுகின்றன. லினக்ஸ் எந்த முத்திரையும் கேட்பதில்லை.