மறுப்புரை கற்ற மாணவர்

அறிஞர் அம்பேத்கரை அரசியல் சட்டம் வகுத்த மேதை என்று நாடறியும். அவரும் ஒரு காலத்தில் ஆசிரியர் முன் தாளை நீட்டி நின்ற மாணவரே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வாதத்தை எழுத்தில் நிறுத்தும் கலையை அவர் படிப்படியாகக் கற்றார். அந்தப் படிகளுள் சிலவற்றை இன்றும் நாம் நூல்வடிவில் படித்துத் தெரிந்துகொள்ள இயலும்.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1913 ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. இரண்டாண்டுகள் கழித்து, 1915 இல், முதுகலைப் பட்டத்திற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியையும் நிதி நிலையையும் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். 1792 முதல் 1858 வரையான காலத்தின் நிலவரி, உப்பு வரி, அபினி வருவாய், கடன் எல்லாம் அதில் அடுக்கப்பட்டுள்ளன. உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஆயினும் வாதம் என்று சொல்லத்தக்கது, இந்தியா கொடுத்ததையும் இங்கிலாந்து கொடுத்ததையும் எதிரெதிரே நிறுத்தும் இறுதிப் பகுதியில்தான் தலைதூக்குகிறது. சான்றுகள் முன்னே நடக்க, எழுதியவர் பின்னே வருகிறார்.

அடுத்த ஆண்டிலேயே நிலை மாறிவிட்டது. 1916 மே 9 ஆம் நாள், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் ஆய்வு வகுப்பில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரையை அம்பேத்கர் படித்தார். சாதிக்கு இலக்கணம் கூறியிருந்த நால்வரை அவர் முதலில் அவைக்கு அழைக்கிறார்: பிரெஞ்சு அறிஞர் செனார்ட், ஆங்கிலேயர்களான நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, நம் நாட்டவரான கேத்கர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வகையில் விடை தருகிறார். தீட்டு என்பது சாதிக்கு மட்டுமே உரிய இயல்பன்று என்று செனார்ட்டுக்கு விடை. பிறரோடு உண்ணாமையைக் காரணமாகக் கொண்டது விளைவைக் காரணமென மயங்கியதே என்று நெஸ்ஃபீல்டுக்கு விடை. கேத்கரைப் பாராட்டிவிட்டு, அவர் இரண்டெனக் கூறிய இயல்புகள் ஒன்றன் இருபுறங்களே என்று காட்டுகிறார். இவ்வாறு களைந்தபின் எஞ்சி நிற்பது அகமணம் ஒன்றே. அதன்மேல்தான் தம் கட்டடத்தை எழுப்புகிறார்.

அந்தக் கட்டடத்தின் நடுத்தூண் ஒரு கணக்கு. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமாயின் மணவயதினரான ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். இறப்பு அந்தச் சமநிலையைக் குலைக்கிறது. கணவனை இழந்தவள் குழுவுக்கு வெளியே மணந்தால் வேலி உடையும். உள்ளேயே மணந்தால் இன்னொருத்தியின் வாய்ப்பைப் பறிப்பாள். எனவே அவளை எரிப்பார்கள், அல்லது கைம்மை நோன்பில் அடைப்பார்கள். மனைவியை இழந்தவனை அவ்வாறு செய்ய ஆண் ஆதிக்கம் இடந்தராது. ஆகவே மணவயதை எட்டாத சிறுமியை அவனுக்குக் கட்டி வைப்பார்கள். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் ஒரே பூட்டின் திறவுகோல்கள் என்று 25 வயது மாணவர் நிறுவுகிறார். இக்கணக்கு சற்று மிகையாகவே ஒழுங்குபட்டது என்பது என் கருத்து. வழக்கங்கள் பிற குழுக்களுக்குப் பரவியதைப் ‘போலச் செய்தல்’ என்னும் ஒரே கருவியால் அவர் விளக்குவதும் முழு நிறைவு தரவில்லை. எனினும் வாதம் எங்கே நிற்கிறது, எங்கே அதை அடித்தால் விழும் என்பதை அவர் மறைக்கவில்லை. தம் கொள்கை தவறென்று காட்டப்பட்டால் கைவிட அணியமாயிருப்பதாகவும் இறுதியில் கூறுகிறார்.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் வகுத்த ஏழு மதங்களுள், பிறர் கொள்கையை ஏற்றுரைத்துப் பின் களைவதும், தானே ஒன்றை நாட்டி நிறுத்துவதும் அடங்கும். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்ததும் இந்நெறியே.

அந்தக் கட்டுரையில் எழுதியவர் தம் பிறப்பைப் பற்றிப் பேசவில்லை. சாதியால் பள்ளியிலேயே புண்பட்டவர் அவர். அந்தப் புண்ணை அவர் சான்றாகக் காட்டவில்லை. 1917 மே மாதம் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் அது அச்சேறியது. அதே ஆண்டு பரோடா அரசுப் பணிக்குச் சென்றவருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரோடு ஒதுங்கினார். சில நாட்களில் தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. பின்னாளில் அவரே இதனை எழுதி வைத்துள்ளார்.

இலண்டனில் கற்ற பாடம் வேறு. ரூபாயின் சிக்கல் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுரையை 1922 இல் அளித்தபோது, அதன் கடுமையைத் தேர்வாளர்களால் ஏற்க முடியவில்லை. திருத்தி எழுதுமாறு பணித்தனர். பம்பாய்க்குத் திரும்பி நடையைத் திருத்தினார், முடிவுகளைத் திருத்தவில்லை. 1923 இல் பட்டமும் வந்தது, நூலும் வெளிவந்தது. பேராசிரியர் எட்வின் கேனன் அதற்கு முன்னுரை வழங்கினார். தங்க மாற்றுத் திட்டத்தின்மீது தம் மாணவர் கொண்ட பகைமை தமக்கு உடன்பாடன்று என்று அதிலேயே எழுதிய அவர், தவறெனத் தமக்குப் பட்ட இடங்களிலும் அவ்வாதங்களில் ஒரு புதுமை இருப்பதாகப் பாராட்டினார். மாறுபட்ட ஆசிரியரின் முன்னுரையோடு வெளிவருவது எந்த மாணவர்க்கும் பெருமைதான்.

1936 இல் இலாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. எழுதியனுப்பிய உரையைக் கண்டு அஞ்சி மாநாட்டையே கைவிட்டது. அவர் அதைத் தம் செலவிலேயே அச்சிட்டார். ‘சாதி ஒழிப்பு’ என நாம் வழங்கும் அந்நூலில், கொலம்பியாவில் தமக்குக் கற்பித்த ஜான் டூயியைத் தம் ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறார். காந்தியடிகள் ‘அரிஜன்’ இதழில் அதை மறுத்து எழுதினார். 1937 இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் காந்தியடிகளின் மறுப்பைத் தம் நூலிலேயே முதல் பின்னிணைப்பாகச் சேர்த்தார். தம் விடையை அதற்கு அடுத்து வைத்தார்.