குராய்டனில் கைக்கு வந்த கூடை

எங்கள் குராய்டன் லண்டன் ரோட்டில் 1950 ஜூனில் சைன்ஸ்பரீஸ் மளிகை நிறுவனம் தன் முதல் சுயசேவைக் கடையைத் திறந்தது. அதுவரை வெண்ணெய்க்கு ஒரு வரிசை, பன்றி இறைச்சிக்கு ஒரு வரிசை, சீஸுக்கு இன்னொன்று. கடைச் சிப்பந்தி வெட்டி, நிறுத்து, பொட்டலம் கட்டித் தரும்வரை காத்து நிற்க வேண்டும். ரேஷன் புத்தகம் வேறு. அந்தத் தொல்லை 1954 ஜூலையில்தான் ஒழிந்தது.

அந்த நிறுவனத்தின் ஆலன் சைன்ஸ்பரி அமெரிக்கா போய்ப் பார்த்துவந்த முறை இது: முன்பே நிறுத்துப் பொதிந்த சரக்கு, கையில் கம்பிக் கூடை, கடைசியில் ஒரே பில். நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் எடுப்பது, சுமப்பது எல்லாம் கடைச் சிப்பந்தியிடமிருந்து வீட்டுப் பெண்ணின் கைக்கு மாறியது. அதையும் சேர்த்தே இந்த வரலாற்றை எழுத வேண்டும் என்பேன். கூடை கைக்கு வந்தபின்னும், டூட்டிங் தமிழ்க் கடையில் அம்மா இன்றும் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, “தம்பி, இது இண்டைக்கு வந்ததோ?” என்று கேட்ட பிறகுதான் கூடையில் போடுவார்.