புழு செய்த வைத்தியம்

'உடம்பு புழுத்துச் சாவாய்!' என்பதைவிடக் கொடிய சாபம் நம் பாஷையில் இருப்பதாகத் தோன்றவில்லை. ரணத்தில் புழு வைத்துவிட்டது என்றால் அந்த மனிதனுடைய கதை முடிந்தது என்றுதான் நினைப்போம். ஆனால், அதே புழு ஆளைப் பிழைக்க வைத்ததும் உண்டு.

நெப்போலியனுடன் எகிப்துக்குப் போன சர்ஜன் லார்ரே, சிப்பாய்களின் காயங்களில் நெளிந்த புழுக்கள் அழுகிய சதையை மட்டும் தின்றதைக் கண்டு எழுதி வைத்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் (1861-65) ஜக்கரையாஸ் என்ற டாக்டர் வேண்டுமென்றே புழுக்களை ரணத்தில் விட்டுப் பார்த்தார். பல உயிர்கள் தப்பின என்றார். வைத்திய உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1917-ஆம் வருஷம், பிரான்ஸ் போர்முனை. தொடையெலும்பு முறிந்து, வயிற்றிலும் காயம்பட்ட இரண்டு சிப்பாய்கள் ஏழு நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் வெட்டவெளியில் கிடந்தார்கள். அத்தகைய முறிவு கண்டவர்களில், நல்ல சிகிச்சை பெற்றும் நூற்றுக்கு 75 பேருக்குக் குறையாமல் மாண்டுபோன காலம் அது. இவர்களுக்கோ ஜுரம்கூட இல்லை! உடையை விலக்கினால், காயம் முழுதும் ஆயிரக்கணக்கான புழுக்கள். டாக்டர் வில்லியம் பேயர் முகத்தைச் சுளித்தபடியே அவற்றைக் கழுவச் சொன்னார். அடியில் சீழைக் காணோம்; இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வளர்ந்திருந்தது.

பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் காட்சி அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. பிறகு பால்டிமோர் நகரில், எலும்பு சீழ்பிடித்து ஆறாமல் கிடந்த குழந்தைகளுக்குப் புழுவைக் கொண்டே வைத்தியம் செய்தார். இடையில் சிலருக்கு ரணஜன்னி கண்டது. ஈயின் முட்டைகளைக் கிருமி நீங்கச் சுத்தம் செய்து பொரிக்க வைத்த பிறகே அந்த அபாயம் நீங்கிற்று. 1931-இல் அவர் காலமானார். அடுத்த சில வருஷங்களில் அமெரிக்காவில் 300-க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் இந்த முறையைக் கையாண்டன.

1940-களில் பெனிசிலின் வந்தது. ஊசியில் தீருகிற காரியத்துக்குப் புழு எதற்கு? மறந்துவிட்டார்கள். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிய பின்னர் மறுபடி ஞாபகம் வந்தது. 2004-இல் அமெரிக்க அரசாங்கமே இந்த வைத்தியத்தை அனுமதித்தது.

எல்லாப் புழுவும் வைத்தியர் அல்ல. பச்சை நிறத்தில் பளபளக்கும் ஒரு ஜாதி ஈயின் புழு, தன் வாய்நீரால் செத்த சதையைக் கரைத்து உறிஞ்சுகிறது, கிருமிகளையும் கொல்கிறது. இரண்டு மூன்று நாளில் அதை எடுத்துவிடுவார்கள். நம் நாட்டில் ஆடுமாடுகளின் புண்ணில் விழுகிற ஒருவகைப் புழுவோ உயிருள்ள சதையையே தின்னும். ஆகையால் நம் முன்னோர்களின் பயம் வீண் பயம் அல்ல.

இருந்தாலும், சர்க்கரை வியாதியால் கால் அழுகி, அதை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லக் கேட்டவரிடம் போய், 'புழு விடலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். அருவருப்பெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிற நமக்குத்தான்.